உங்களுக்குத் தெரியுமா? நேற்றைய விலை, இன்றைய வயிற்றெரிச்சல்

● 2007 ஜூன் 29. அமெரிக்காவில் கடைவாசலில் கால்கடுக்க நின்று, 8 ஜிபி ஐபோனை 599 டாலருக்கு வாங்கினார்கள். செப்டம்பர் 5 அன்று அதே போன் 399 டாலர்! பத்து வாரம்கூட ஆகவில்லை. வாங்கியவர்கள் கொதித்துப்போக, மறுநாளே ஸ்டீவ் ஜாப்ஸ் கடிதம் எழுதினார். தொழில்நுட்பத்தில் இதெல்லாம் சகஜம் என்று கொஞ்சம் உபதேசம், கொஞ்சம் மன்னிப்பு, கூடவே 100 டாலர். ரொக்கம் இல்லை; ஆப்பிளிடமே செலவழித்துத் தீர்க்க வேண்டிய வரவு. கெட்டிக்காரர்!

● நின்டெண்டோ 3டிஎஸ், ஜப்பானில் 2011 பிப்ரவரியில் 25,000 யென்; ஆகஸ்டில் 15,000. முந்திக்கொண்டவர்களுக்கு 'தூதர்' பட்டமும் 20 பழைய விளையாட்டுகளும் இலவசம். தலைவர் சடோரு இவாட்டா தன் சம்பளத்தில் பாதியை வெட்டிக்கொண்டார். காசு திரும்பவில்லைதான், ஆனாலும் இது மரியாதையான வழி.

● வாங்கியவர் புலம்புவதோடு சரி. வாங்காமல் காத்திருப்பவர் கம்பெனியையே கவிழ்த்துவிடுவார். அதற்கு 'ஆஸ்போர்ன் விளைவு' என்று பெயர். இந்த ஆடம் ஆஸ்போர்ன் சிறுவயதில் திருவண்ணாமலையில் வளர்ந்தவர். அப்பா ஆர்தர் ஆஸ்போர்ன் ரமண மகரிஷியின் அடியார். 1981-ல் அமெரிக்காவில் ஆடம் விற்பனைக்குக் கொண்டுவந்த ஆஸ்போர்ன் 1, கையில் தூக்கிப்போகும் கணினி. எடை சுமார் 11 கிலோ என்பதால் தூக்குகிறவருக்குத் தெம்பு வேண்டும்! விலை 1,795 டாலர். அமோக விற்பனை. 1983-ல், இதைவிட நல்ல மாடல்கள் வருகின்றன என்று அவரே முந்திச் சொல்லிவிட்டார். அப்புறம் பழையதை யார் சீந்துவார்கள்? அந்தச் செப்டம்பரிலேயே திவால். வாய் மட்டும் காரணமில்லை, போட்டிக் கம்பெனிகளும்தான் என்று வாதிடுவோரும் உண்டு. கடைசியில் தமிழ்நாட்டுக்கே திரும்பிய ஆடம், 2003-ல் கொடைக்கானலில் காலமானார்.

● 2012 மார்ச்சில் மூன்றாம் தலைமுறை ஐபேட் அறிமுகம். அக்டோபரில் நான்காவது, அதே 499 டாலருக்கு இன்னும் வேகமான சிப். இடைவெளி சரியாக ஏழரை மாதம். வாங்கியவர்களுக்கு ஏழரைதான்!

● 2025 ஆகஸ்ட் 15 அன்று, தீபாவளிக்குள் ஜிஎஸ்டி குறையும் என்றார் பிரதமர். ஏசிக்கும் சிறிய காருக்கும் 28 சதவீதம் 18 ஆனது செப்டம்பர் 22-ல்தான். நடுவில் பலர் வாங்குவதைத் தள்ளிப்போட்டார்கள். கார் டீலர்களுக்கு இரட்டை அடி: வண்டிகள் தேங்கின; அவற்றுக்கு ஏற்கெனவே கட்டிய இழப்பீட்டு செஸ்ஸும் ரத்தாகிவிட, அந்தப் பணத்தை எதில் கழிப்பது என்று தவித்தார்கள்.