ஆறு சுமக்கும் உப்பு

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது பழமொழி. உணவிற்குச் சுவை தருவது உப்பு. ஆயின், நாவிற்கு இனிய அவ்வுப்பே வயலில் மிகுமாயின் விளைநிலம் பாழ்நிலமாகும். கடலருகே இவ்வாறு நேர்தல் வியப்பன்று. கடலினின்றும் நெடுந்தொலைவில், நன்னீர் பாயும் நாட்டிலும் நிலம் உவர்ப்பது எங்ஙனம்? வறண்ட நிலத்து ஆறுகளின் வரலாறு இதற்கு விடை கூறும். வட அமெரிக்காவிலுள்ள கொலராடோ ஆறு அவற்றுள் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

ராக்கி மலைத்தொடரில் பனி உருகிப் பிறக்கும் இந்த ஆறு, ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நெறியில் பாலை நிலங்களைக் கடந்து, மெக்சிக்கோ நாட்டினுள் புகுந்து, கலிபோர்னியா வளைகுடாவை நோக்கிச் செல்கின்றது. தோன்றுமிடத்தில் ஒரு லிட்டர் நீரில் ஏறக்குறைய 50 மில்லிகிராம் உப்பே உண்டு. மெக்சிக்கோ எல்லையை அடுத்த இம்பீரியல் அணையை அடையும்போது அஃது 700 மில்லிகிராம் அளவிற்கு உயர்ந்துவிடுகின்றது. இடைவழியில் இவ்வளவு உப்பும் எங்கிருந்து வந்தது?

முதற் காரணம் பாறையே. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை ஏற்றுச் சிறிது புளிப்புத் தன்மை அடைகின்றது. அந்நீர் பாறைகளைச் சிறிது சிறிதாகக் கரைக்கின்றது. நாம் உண்ணும் கறியுப்பு மட்டுமன்றி, சுண்ணாம்பு, மக்னீசியம், கந்தகம் ஆகியன சேர்ந்த பலவகை உப்புகளும் நீரிற் கலக்கின்றன. கொலராடோ ஆற்றுப் படுகையின் பல பகுதிகள் பன்னெடுங் காலத்திற்கு முன் கடலடியாய் இருந்தவை. அங்குப் படிந்த களிப்பாறைகளில் அப்பழங் கடலின் உப்பு இன்றும் உறைந்துள்ளது. வெந்நீர் ஊற்றுகளும் உப்பைக் கொணர்ந்து சேர்க்கின்றன. ஆறு சுமக்கும் உப்பில் ஏறத்தாழப் பாதி இவ்வாறு இயற்கையாகவே வருவதாகும்.

இரண்டாவது காரணம் வெயில். கதிரவன் நீரை மட்டுமே கவர்ந்து கொள்கின்றான், உப்பை விட்டுவிடுகின்றான். ஒரு குடம் நீர் அரைக்குடமாகச் சுண்டினால், எஞ்சிய நீரில் உப்பின் செறிவு இருமடங்காகும். மழை மிக்க நாடுகளில் புதுவெள்ளம் வந்து உப்பைக் கடலுக்கு அடித்துச் செல்லும். வறண்ட நாட்டில் அத்தகைய வெள்ளம் அரிது. மேலும், 1935-இல் திறந்து வைக்கப்பட்ட ஹூவர் அணை முதலியவற்றின் பரந்த நீர்த்தேக்கங்களிலிருந்தும் பெருமளவு நீர் ஆவியாகின்றது.

மூன்றாவது காரணம் மாந்தர் செய்யும் பாசனம். ஒரு ஹெக்டேர் நிலத்திற்கு ஓராண்டில் ஒரு மீட்டர் உயர நீர் பாய்ச்சுவதாகக் கொள்வோம். அது ஒரு கோடி லிட்டர் ஆகும். லிட்டருக்கு 700 மில்லிகிராம் வீதம், அந்நீரோடு 7 டன் உப்பும் வயலுக்குள் புகுகின்றது. பயிர் நீரை உறிஞ்சிக் கொள்கின்றது. உப்பிலோ மிகச் சிறு பகுதியையே ஏற்கின்றது. நிலத்தடி நீர்மட்டம் மேலே ஏறிவிட்டாலோ, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல உவர்நீர் மண்ணில் ஏறி, மேற்பரப்பில் வெண்மையாகப் பூத்துவிடும். உப்பு மிக்க மண்ணில் நீர் இருந்தும் வேர் அதனை எளிதில் உறிஞ்ச இயலாது. ஈரத்தின் நடுவே பயிர் வாடும்.

இதற்கு மருந்து, சிறிது மிகுதியாக நீர்விட்டு உப்பைக் கழுவி, வடிகால் வழியே அகற்றுவதாகும். ஆனால், வடிந்த நீர் எங்கே செல்வது? இவ்வினாவே இரு நாடுகளிடையே பூசல் விளைத்தது. அரிசோனா மாநிலத்து வெல்டன்–மோஹாக் பள்ளத்தாக்கில் நிலத்தடியில் தேங்கிய உவர்நீரை 1961-இல் இறைத்து ஆற்றில் விடத் தொடங்கினர். அந்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 6,000 மில்லிகிராம் உப்பு இருந்தது. அதனால் மெக்சிக்கோவிற்குச் சென்ற ஆற்றுநீரின் உப்பு ஏறத்தாழ இருமடங்காகி, 1,500 மில்லிகிராமை எட்டியது. மெக்சிக்காலிப் பள்ளத்தாக்கில் பருத்தி பயிரிட்ட உழவர்கள் பெருந்துயர் உற்றனர். 1944-ஆம் ஆண்டு உடன்படிக்கை நீரின் அளவைக் கூறிற்று. தூய்மையைத் தெளிவாக வரையறுக்கவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் வாதாடிய பின்னர், 1973-இல் உப்பின் அளவிற்கும் வரம்பு கட்டி இரு நாடுகளும் இசைந்தன.

அடுத்த ஆண்டே அமெரிக்கப் பேரவை ஆற்றின் உப்பைக் குறைக்கச் சட்டம் இயற்றிற்று. மண் கால்வாய்களுக்குத் தளமிட்டனர். குழாய்களையும் தெளிப்பு முறையையும் புகுத்தினர். இத்தகைய முயற்சிகளால், ஆண்டுதோறும் பத்து லட்சம் டன்னுக்கு மேற்பட்ட உப்பு ஆற்றை அடையாமல் தடுக்கப்படுகின்றது. எனினும் எல்லா முயற்சியும் எளிதில் கைகூடவில்லை. யூமா நகரருகே பெரும் பொருட்செலவில் கட்டி 1992-இல் முடித்த உப்பகற்றும் ஆலை, சிறிது காலமே இயங்கியது. பாரடாக்ஸ் பள்ளத்தாக்கில் உவர்நீரை ஆழ்நிலத்தினுள் செலுத்தியதால் நிலநடுக்கங்கள் உண்டாயின.

வெல்டன்–மோஹாக் வடிநீரை ஆற்றிற் கலவாது தனிக் கால்வாயில் 1977 முதல் கொண்டு சென்று, மெக்சிக்கோவின் பழைய கழிமுகத்தில் விட்டனர். அங்கே சம்பங்கோரை செழித்து, சாந்தா கிளாரா என்னும் சதுப்பு நிலம் உருவாயிற்று. வயலுக்கு ஆகாதென்று ஒதுக்கிய நீர், எண்ணற்ற பறவைகளுக்குப் புகலிடமாயிற்று.

ஆற்றுநீரைப் பங்கிடுவோர் நீரை மட்டுமன்றி, அது சுமக்கும் உப்பையும் பங்கிடுகின்றனர். மேட்டு நிலத்தானின் வடிகாலே பள்ளத்து நிலத்தானின் வாய்க்கால். இதனை உணர்ந்து, வாய்க்கால் வெட்டும் நாளிலேயே வடிகாலுக்கும் வழி வகுத்தல் அறிவுடையோர் கடனாகும்.