நரைத்த பிறகு ஏறும் மலை

பெங்களூர் முதியவர்களின் முதல் மலை லால்பாக்குக்குள்ளேயே இருக்கிறது. கெம்பே கவுடாவின் காவல் கோபுரம் நிற்கும் அந்தப் பாறைக்கு வயது சுமார் 300 கோடி ஆண்டுகள் என்கிறார்கள் புவியியலாளர்கள். அதிகாலையில் அதன்மீது ஏறி இறங்குபவர்களில் அறுபதைக் கடந்தவர்கள் நிறையப் பேர். குரங்குக் குல்லாய், மப்ளர், கான்வாஸ் ஷூ. மேலே போய்ச் சேர்ந்தவர், பின்னால் வருபவருக்காக நிற்பார். எழுதி வைக்காத விதி அது.

இந்தப் பழக்கம் பெங்களூரில் வேர்விட்டதற்குக் காரணங்கள் இருக்கின்றன. கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் உள்ள ஊர். காலையில் புழுக்கம் இல்லை. போதாததற்கு எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ., எச்.எம்.டி., பி.இ.எல். என்று 1940களிலும் 50களிலும் எழுந்த பொதுத்துறைத் தொழிற்சாலைகள். தமிழர்கள் உட்பட ஆயிரக்கணக்கானோர் அங்கே சங்கொலிக்கு எழுந்து, சங்கொலிக்குச் சாப்பிட்டுப் பழகியவர்கள். ஷிப்டுக்குப் பழகிய உடம்பு, ஓய்வு பெற்ற மறுநாளும் விடியுமுன் விழித்துக்கொள்ளும். லால்பாக்கிலும் கப்பன் பார்க்கிலும் நடைப்பயிற்சியாளர்கள் சங்கம் வைத்துக்கொண்டார்கள். பூங்காவில் தொடங்கிய கால்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் நந்தி மலைக்கும் சிவகங்கைக்கும் சாவனதுர்காவுக்கும் போயின.

முதியவர் மலையேறுவது நமக்கு அப்படியொன்றும் புதிதல்ல. திருமலைக்கும் பர்வத மலைக்கும் வெள்ளியங்கிரிக்கும் பாட்டிகள் கோல் ஊன்றி ஏறிய நாட்டில், 'டிரெக்கிங்' என்ற சொல்தான் புதிது. ஆனால் யாத்திரைக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. முடியாவிட்டால் யாத்ரீகர் பாதி வழியில் உட்கார்ந்துவிடலாம். கூட்டம் அவரைக் கடந்து போகும், அடுத்த கூட்டம் வரும். இமயத்தின் பனிவெளியில் அடுத்த கூட்டம் வராது.

இமயமும் முதியவர்களுக்கு எட்டாததல்ல. 2022 மார்ச்சில், எவரெஸ்ட் ஏறிய முதல் இந்தியப் பெண்ணான பச்சேந்திரி பால் தலைமையில், 50 வயதைத் தாண்டிய பெண்கள் இந்திய-மியான்மர் எல்லையிலுள்ள பாங்சாவ் கணவாயிலிருந்து புறப்பட்டார்கள். தலைவிக்கு அப்போது வயது 67. பெங்களூரிலிருந்து சென்ற உறுப்பினருக்கு 68. சுமார் நாலரை மாதங்களில் 4,800 கிலோமீட்டருக்கு மேல் நடந்து, முப்பதுக்கும் மேற்பட்ட கணவாய்களைக் கடந்து லடாக்கின் கார்கில் பகுதியை அடைந்தார்கள். வயது ஒரு தடையல்ல என்று பத்திரிகைகள் எழுதின.

இரண்டே ஆண்டுகளில் தலைப்புச் செய்திகள் மாறின. கர்நாடக மலையேற்றச் சங்கத்தின் மூலம் போன 22 பேர் கொண்ட குழு 2024 மே 29 அன்று உத்தரகாசியிலிருந்து சகஸ்ர தால் ஏரிக்குக் கிளம்பியது. 4,000 மீட்டருக்கும் மேலே உள்ள ஏரி அது. ஜூன் முதல் வாரத்தில், திரும்பும் வழியில் பனிப்புயலும் கடுங்காற்றும் குழுவை மறித்தன. ஒன்பது பேர் இறந்தார்கள். மற்றவர்களை மாநிலப் பேரிடர் மீட்புப் படையும் விமானப்படை ஹெலிகாப்டர்களும் கீழே கொண்டுவந்தன. கர்நாடக அமைச்சர் கிருஷ்ண பைரே கவுடா டேராடூனுக்கு விரைந்தார். உத்தராகண்ட் அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது.

இறந்தவர்களில் மூத்தவருக்கு வயது 71. 'இந்த வயதில் எதற்கு?' என்ற கேள்வி உடனே எழுந்தது. சுலபமான கேள்விதான். ஆனால் இறந்தவர்களில் 34 வயதுக்காரரும் இருந்தார்; உயிரோடு திரும்பியவர்களில் அறுபதைத் தாண்டியவர்களும் இருந்தார்கள். பிறந்த தேதியை வைத்து மலை ஆள் பிரிக்கவில்லை.

அதற்காக வயதுக்குச் சம்பந்தமே இல்லை என்று சொல்வதும் தவறு. உடலின் உள்வெப்பம் 35 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்குவதைத்தான் டாக்டர்கள் 'ஹைப்போதெர்மியா' என்கிறார்கள். குளிரும்போது இளம் உடம்பு கடுமையாக நடுங்கிச் சூடு உண்டாக்கும். தோலின் ரத்தக் குழாய்களைச் சுருக்கிச் சூட்டைக் காக்கும். வயதானால் இரண்டும் மந்தமாகின்றன. தசையும் குறைந்திருக்கும். இதில் காற்று வேறு. பூஜ்ஜியம் டிகிரி குளிரில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் காற்றடித்தால் தோலுக்கு அது மைனஸ் 7 போல. உடை நனைந்துவிட்டால் இன்னும் மோசம்.

எல்லாவற்றையும்விடக் கொடியது, பாதிக்கப்பட்டவருக்கே அது தெரியாமல் போவதுதான். பேச்சு குழறும், கால் தடுமாறும், கேட்டால் 'எனக்கொன்றுமில்லை' என்பார். பக்கத்தில் நடப்பவர் கவனித்தால்தான் உண்டு. பின்னால் வருபவருக்காக நிற்கும் லால்பாக் வழக்கம் வெறும் மரியாதையல்ல, உயிர் காக்கும் ஏற்பாடு.

ஜப்பான் இதைப் பெரிய விலை கொடுத்துப் படித்தது. அங்கே மலையேற்றம் பெரும்பாலும் மூத்த தலைமுறையின் பொழுதுபோக்கு. 2009 ஜூலையில், அதாவது கோடைக்காலத்தில், ஹொக்கைடோ தீவின் தோமுராவுஷி மலையில் 15 பயணிகளும் 3 வழிகாட்டிகளும் மழையிலும் காற்றிலும் சிக்கினார்கள். பயணிகள் பெரும்பாலும் அறுபதுகளில் இருந்தவர்கள். ஒரு வழிகாட்டி உட்பட எட்டுப் பேர் குளிரில் இறந்தார்கள். மோசமான வானிலையிலும் திட்டப்படி புறப்பட்டதும், வழியில் குழு துண்டு துண்டாகச் சிதறியதும் அங்கே பெரும் விவாதமாயின.

திட்டம் என்ற அந்தச் சொல்லில்தான் சூட்சுமம் இருக்கிறது. 3,000 மீட்டருக்கு மேலே, இரவில் தங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் ஓய்வெடுக்க வேண்டும் என்பது மலை மருத்துவ வல்லுநர்களின் பரிந்துரை. அலுவலக லீவுக்கு ஏற்றபடி தயாராகும் பேக்கேஜ்களில் இதற்கு இடம் குறைவு. ஞாயிறு இரவு ஊர் திரும்பித் திங்கள் காலை கார்டு தேய்க்க வேண்டியவர்களுக்காகப் போட்ட அட்டவணை அது. வேடிக்கை என்னவென்றால், அந்த அவசரம் துளியும் இல்லாத ஓய்வுபெற்றவர்களும் அதே அட்டவணையில்தான் போகிறார்கள். கூடுதலாக மூன்று நாள், கூடாரத்தில் சும்மா உட்கார ஒரு நாள், வானம் கறுத்தால் இறங்கிவிட ஒரு நாள்: இளைஞர்களிடம் இல்லாத இந்த நாட்களெல்லாம் அவர்கள் கையில் இருக்கின்றன. ரயிலுக்குத் திரும்பும் டிக்கெட்டை மட்டும் கொஞ்சம் தள்ளி எடுக்க வேண்டியிருக்கும்.