குணமாக்கியது ஊசிதானா?

மழைக்காலத்தில் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒருவருக்கு டெங்கு வந்துவிட்டால், அந்த மாடிவீடு முழுக்கக் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “பிளேட்லட் எவ்வளவு?” பிள்ளைகளே, உங்கள் பாடப்புத்தகம் அதைத்தான் குருதிச் சிறுதட்டு என்கிறது. சுகமாக இருப்பவரின் ஒரு மைக்ரோலீற்றர் குருதியில் அது 1,50,000 முதல் 4,50,000 வரை இருக்கும்.

காயம் பட்ட இடத்தில் ஒட்டிக் குருதி வடியாமல் அடைப்பது சிறுதட்டின் வேலை. அதோடு அது நின்றுவிடுவதில்லை. தன்னுள் வைத்திருக்கும் வளர்ச்சிக் காரணிகள் என்ற புரதங்களை வெளியே விட்டு, சுற்றியுள்ள கலங்களையும் பழுதுபார்க்க அழைக்கிறது. அப்படியானால் சிறுதட்டுகளை மட்டும் திரட்டி, பழுதான இடத்திலேயே விட்டால் என்ன? இந்த யோசனையில் பிறந்ததுதான் ‘பிஆர்பி’ ஊசி. நோயாளியின் கையிலிருந்து குருதி எடுத்து, ஓர் இயந்திரத்தில் வேகமாகச் சுழற்றுவார்கள். பாரமான செங்கலங்கள் அடியில் தங்கிவிடும். சிறுதட்டுகள் நிறைந்த மஞ்சள் திரவத்தைப் பிரித்தெடுத்து, வலிக்கும் தசைநாணில் ஏற்றுவார்கள். வெட்டும் இல்லை, தையலும் இல்லை.

தசையை எலும்போடு பிணைப்பது தசைநாண். தேர்வடத்தைப் போல, மெல்லிய கொலாஜன் இழைகள் கற்றை கற்றையாகத் திரண்டு உருவானது அது. குதிகாலுக்கு மேலே விரல்களால் பிடித்துப் பாருங்கள், விறைப்பாக ஒன்று அகப்படும். உடம்பிலேயே பெரிய தசைநாண் அதுதான். அதில் குருதிக்குழாய்கள் குறைவு; பழுதானால் ஆறவும் நாளாகும்.

எவ்வளவு மெதுவாக அது புதுப்பிக்கப்படுகிறது என்பதைக் கண்டுபிடித்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. 1955 முதல் 1963 வரை நடந்த அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் ஒருவகைக் கதிரியக்கக் காபனைக் கூட்டின. அது பயிர்களில் சேர்ந்து, உணவு வழியே மனிதருக்குள்ளும் போனது. டென்மார்க் விஞ்ஞானிகள் குதிகால் நாணில் அந்தக் காபனை அளந்து 2013இல் ஒன்றைச் சொன்னார்கள்: ஏறத்தாழ 17 வயதுக்குப் பிறகு அதன் நடுப்பகுதி மாறுவதே இல்லை எனலாம்.

டென்னிஸ் வீரர் ரபேல் நடால் முழங்கால் தசைநாண் வலிக்கு 2010இல் பிஆர்பி ஊசி போட்டுக்கொண்டார். அதே ஆண்டில் பிரெஞ்சு ஓப்பன், விம்பிள்டன், அமெரிக்க ஓப்பன் மூன்றையும் வென்றார். ஊசிதான் குணமாக்கியது என்று உடனே சொல்லத் தோன்றுகிறது, இல்லையா? ஊசி போடாமலே அவர் குணமாகியிருந்தால்? ஒரே ஆளை வைத்து இதைத் தீர்மானிக்க முடியாது.

அதே 2010இல் நெதர்லாந்து வைத்தியர்கள் குதிகால் நாண் வலித்த 54 பேரை இரண்டு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குப் பிஆர்பி, மற்றதற்கு வெறும் உப்புநீர். யாருக்கு எது போனதென்று ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கே தெரியாது. எல்லோரும் ஒரே உடற்பயிற்சியைச் செய்தார்கள். 24 வாரங்களின் பின் இரண்டு குழுவினருக்கும் வலி குறைந்திருந்தது, ஏறக்குறைய ஒரே அளவில்! பிரித்தானியாவில் 240 பேரிடம் நடந்த சோதனையும் 2021இல் இதையே காட்டியது. முழங்கை போன்ற வேறு இடங்களைப் பற்றி வாதம் இன்னும் ஓயவில்லை.

ஸ்டீரொயிட் ஊசி பிஆர்பியைவிடப் பழையது. சில வாரங்களில் வலியை நன்றாகத் தணிக்கும். ஆனால் முழங்கை வலி உள்ள 165 பேரை ஓர் ஆண்டு கவனித்த அவுஸ்திரேலிய ஆய்வில், அதைப் போட்டவர்களுக்கே வலி அதிகமாகத் திரும்பி வந்தது.

அப்படியென்றால் நெதர்லாந்துச் சோதனையில் எல்லோரும் செய்த அந்த உடற்பயிற்சி என்ன? சுவீடன் வைத்தியர் ஹோக்கான் அல்பிரட்சனுக்குக் குதிகால் நாண் வலி. சத்திரசிகிச்சை செய்யச் சொல்லித் தன் மேலதிகாரியைக் கேட்டார், அவர் மறுத்துவிட்டார். நாண் அறுந்தால் செய்துதானே ஆகவேண்டும் என்று, வலிக்க வலிக்கக் காலுக்குப் பாரம் கொடுத்தார். வலி போய்விட்டது! படியின் விளிம்பில் நின்று குதிகாலை மெல்ல இறக்கும் பயிற்சி அது. 15 பேர் நாளுக்கு 180 தடவை, 12 வாரங்கள் செய்து மீண்டும் ஓடியதை 1998இல் வெளியிட்டார். இழுபடும்போது தசைநாணின் கலங்கள் அதை உணர்ந்து கொலாஜன் செய்கின்றன.

ஆனால் நீங்களாக இதைத் தொடங்கவேண்டாம். 8 முதல் 14 வயதுவரை குதிகால் வலித்தால், பெரும்பாலும் நோவது நாண் அல்ல. நாண் வந்து பொருந்தும் எலும்பின் வளரும் பகுதிதான். அதற்கு இந்த ஊசிகள் தேவையில்லை. பாடசாலை விளையாட்டுப் போட்டி நெருங்குகிறதே என்று வலியை மறைத்து ஓடாதீர்கள். வீட்டிலும் பயிற்சியாளரிடமும் சொல்லுங்கள். வைத்தியர் பார்த்தபின், ஓட்டத்தைக் கொஞ்ச நாள் குறைத்தாலே பெரும்பாலும் சுகமாகிவிடும்.