அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது?



போன மாதம் வகுப்பில் ஒரு படிவம் நிரப்பச் சொன்னார்கள். 'எந்த நாட்டவர்' என்ற கட்டத்தில் நான் 'இந்தியர்' என்று ஒரு நொடியில் எழுதிட்டேன். பக்கத்தில் என் தோழி பேனாவை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். "இன்னாடி, எழுதேன்" என்றேன். "என்னத்த எழுதுறது?" என்றாள்.

அவள் வேலூரில் பிறந்தவள். அவள் அம்மாவும் என் அம்மாவும் ஒரே ஷூ கம்பெனியில் பக்கத்துப் பக்கத்து மிஷினில் தைக்கிறார்கள். ஆனால் அவள் வீடு இலங்கைத் தமிழர் முகாமில் இருக்கிறது. இங்கேயே பிறந்தவள் ஏன் இந்தியர் இல்லை? சமூக அறிவியல் டீச்சரிடமும், அவளுடைய அம்மம்மாவிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

எப்படி வந்தார்கள்?

1983 ஜூலையில் இலங்கையில் தமிழர்களுக்கு எதிராகப் பெரிய கலவரம் நடந்தது. அதன் பிறகு போர். அது 2009-ல்தான் முடிந்தது. உயிர் பிழைக்க மக்கள் படகில் ஏறி ராமேசுவரம் பக்கம் வந்து இறங்கினார்கள். மண்டபம் முகாமில் பதிவு செய்து பல மாவட்டங்களுக்கு அனுப்பினார்கள். தோழியின் அம்மம்மா 1990-ல் வந்தவர். "கையில பிள்ளையும் ஒரு பையும்தான். பாஸ்போர்ட்டை ஆர் நினைச்சது?" என்றார்.

சிக்கல் எங்கே?

அந்த பாஸ்போர்ட்டில்தான். பாஸ்போர்ட், விசா இல்லாமல் வந்தவரை நம் குடியுரிமைச் சட்டம் 'சட்டவிரோதக் குடியேறி' என்கிறது. அவர் எத்தனை வருடம் இங்கே வாழ்ந்தாலும் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க முடியாது.

இங்கே பிறந்தால் போதாதா? 1987 ஜூலை 1-க்கு முன்பு பிறந்திருந்தால் போதும். அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். என் தோழிக்கு அப்பா, அம்மா இரண்டு பேருமே முகாம்தான். 2019-ல் வந்த திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் நாடுகளிலிருந்து 2014 முடிவதற்குள் வந்த ஆறு மதத்தவருக்கு வழி செய்தது. அதில் இலங்கை இல்லை.

கேட்டதால் கிடைத்தவை

முகாம் மக்கள் சும்மா இருக்கவில்லை. ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் என்ற அமைப்பை 1984-லேயே தொடங்கினார்கள். மனு கொடுத்தார்கள், வழக்குப் போட்டார்கள். 2021-ல் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. அதே ஆண்டு நவம்பரில் நம் வேலூர் மேல்மொணவூரில் புது வீடுகளுக்கு அடிக்கல் நாட்டினார்கள். 2023-ல் வீடுகளைத் திறந்தார்கள். மண்டபம் முகாமில் 1986-ல் பிறந்த ஒரு பெண், பாஸ்போர்ட் கேட்டு மதுரை உயர்நீதிமன்றக் கிளையில் வழக்குப் போட்டு 2022-ல் ஜெயித்தார். 2024 தேர்தலில் முதல்முறையாக ஓட்டும் போட்டார்.

2025 செப்டம்பரில் மத்திய அரசு ஓர் ஆணை போட்டது. 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழருக்கு, பாஸ்போர்ட் இல்லை என்பதற்காகத் தண்டனை கிடையாது. நல்ல விஷயம்தான். ஆனால் அது குடியுரிமை இல்லை. வீடும் உதவித்தொகையும் மாநில அரசு தரலாம். குடியுரிமையை மத்திய அரசுதான் தர முடியும். சட்டத்தை நாடாளுமன்றம்தான் மாற்ற முடியும்.

"போர்தான் முடிஞ்சிடுச்சே, ஊருக்குப் போகலாமே" என்று சிலர் கேட்கிறார்கள். போக விரும்புகிறவர்களுக்கு உதவ வேண்டியதுதான். ஆனால் என் தோழி அந்த ஊரைப் பார்த்ததே இல்லை. எந்த ஊருக்குத் திரும்பிப் போவாள்?

அன்று கடைசியில் அவள் 'இலங்கை' என்று எழுதிக் கொடுத்தாள். எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. ஆறாம் வகுப்பில் சண்டை வந்தபோது அவளை 'அகதி' என்று கூப்பிட்டவள் நான்தான். இனி நம் பள்ளியில் யாரும் அப்படிக் கூப்பிட வேண்டாம்.

இன்னும் நான்கு வருடத்தில் எனக்கு ஓட்டு வந்துவிடும். இப்போதுள்ள சட்டப்படி அவளுக்கு வராது. அதனால் அவளுக்காகவும் கேட்க வேண்டியது நாம்தான். சிந்தியுங்கள் தோழர்களே!



– 9-ஆம் வகுப்பு மாணவி