வெற்றி கொரியாவுக்கு, உரிமை நெட்ஃபிளிக்ஸுக்கு

தென்கொரிய இயக்குநர் ஹ்வாங் டோங்-ஹியுக், ‘ஸ்குவிட் கேம்’ கதையை 2009 வாக்கிலேயே எழுதிவிட்டார். ஏறத்தாழப் பத்தாண்டுகள் அதைப் படமாக்க உள்ளூரில் யாரும் முன்வரவில்லை. பணமுடையில் மடிக்கணினியையும் விற்றிருக்கிறார். கடைசியில் கைகொடுத்தது அமெரிக்காவின் நெட்ஃபிளிக்ஸ். 2021 செப்டம்பரில் வெளியான அந்தத் தொடரை முதல் 28 நாட்களில் உலகம் 165 கோடி மணி நேரம் பார்த்தது. அடுத்த ஆண்டே ஹ்வாங்குக்குச் சிறந்த இயக்குநர், லீ ஜங்-ஜேவுக்குச் சிறந்த நடிகர் என எம்மி விருதுகள் வந்து சேர்ந்தன.

பணம் எங்கே போனது? நெட்ஃபிளிக்ஸின் உள் ஆவணங்களைக் கொண்டு ப்ளூம்பெர்க் வெளியிட்ட செய்தியின்படி, ஒன்பது பகுதிகளுக்கும் ஆன செலவு 2.14 கோடி டாலர். அதனால் நெட்ஃபிளிக்ஸுக்குக் கிடைத்த மதிப்பு ஏறத்தாழ 89 கோடி டாலர். ஒப்பந்தத்தில் பேசிய தொகைதான் தனக்கு வந்தது என்றார் ஹ்வாங். படப்பிடிப்பு தந்த மன அழுத்தத்தில் ஆறு பற்களை இழந்த மனிதர் அவர்.

இதில் சட்டமீறல் எதுவும் இல்லை. தயாரிப்புச் செலவு முழுவதையும் நெட்ஃபிளிக்ஸ் ஏற்கிறது. அதற்கு மேல் ஒரு குறிப்பிட்ட சதவீதம் லாபமும் தருகிறது. தொடர் ஓடாவிட்டாலும் தயாரிப்பாளருக்கு நஷ்டமில்லை. பதிலுக்கு உலக ஒளிபரப்பு, அடுத்த பாகம், மறு ஆக்கம், பொம்மை, விளையாட்டு என எல்லா உரிமையும் அந்த நிறுவனத்துக்கே. வட்டிக்கு வாங்கிப் படமெடுத்துப் பழகிய தொழிலில் இப்படியோர் உத்தரவாதத்தை மறுக்க எத்தனை பேரால் முடியும்?

மறுத்தவர்களும் உண்டு. நெட்ஃபிளிக்ஸுக்காக ‘கிங்டம்’ தொடரைத் தயாரித்த ஏஸ்டோரி நிறுவனம், அந்த அனுபவத்துக்குப் பிறகு ‘எக்ஸ்ட்ராஆர்டினரி அட்டர்னி வூ’ தொடரின் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. 2022இல் அதிகம் பேர் அறியாத இஎன்ஏ சேனலில் அது ஒளிபரப்பானது. முதல் பகுதியின் பார்வையாளர் விகிதம் ஒரு சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. இறுதிப் பகுதியில் 17.5 சதவீதம். நெட்ஃபிளிக்ஸுக்கு இணைய ஒளிபரப்பு உரிமம் மட்டுமே போனது. கதை வெப்டூன் எனும் இணையச் சித்திரக்கதையாக வளர்ந்தபோதும் உரிமை ஏஸ்டோரி கையில்தான் இருந்தது. உலகத் தளத்தின் வீச்சும் வேண்டும், சொத்தும் கைவிட்டுப் போகக் கூடாது என்றால் வழி இதுதான். ஆனால் முதலீட்டின் சுமையைத் தாங்கும் தெம்பு வேண்டும்.

அந்தத் தெம்புதான் கொரியாவில் குறைந்துவருகிறது. உலகத் தளங்கள் தரும் சம்பளத்தால் முன்னணி நட்சத்திரங்களின் விலை ஏறிவிட்டது. விளம்பர வருமானம் சரியும் உள்ளூர் சேனல்கள் ஈடுகொடுக்க முடியாமல் நாடக நேரங்களைக் குறைத்தன. 2019இல் 22 கோடிக்கும் மேல் விற்ற சினிமா டிக்கெட், 2023இல் 12.5 கோடியாக இறங்கியது. கொரோனாவும் டிக்கெட் விலை உயர்வும் இதற்குக் காரணங்கள்தான். ஆனாலும் வீட்டிலேயே பார்த்துப் பழகிய கூட்டம் முழுதாகத் திரும்பவில்லை.

பிரான்ஸ் வேறு பாதையில் போனது. அங்கே சம்பாதிக்கும் வெளிநாட்டுத் தளங்கள், அந்த வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தை ஐரோப்பிய, பிரெஞ்சுப் படைப்புகளில் போட வேண்டும் என்று 2021இல் விதி வந்தது. அதில் பெரும்பங்கு சுதந்திரத் தயாரிப்பாளர்களுக்குப் போயாக வேண்டும். திரையரங்கில் வெளியான படத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் 15 மாதம் காத்திருக்க வேண்டும். முன்பு அது 36 மாதம். அரசு உறுதியாக நின்றால் பெரிய நிறுவனமும் இறங்கி வரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

கொரியாவுக்கும் இப்படி விதி போட்டு உள்ளூர்ப் படைப்பைக் காப்பது புதிதல்ல. உள்ளூர்ப் படங்களுக்கு ஆண்டுக்கு 146 நாள் திரையை ஒதுக்கிய நாடு அது. 2006இல்தான் அமெரிக்க வர்த்தகப் பேச்சுக்காக அதை 73 ஆக்கியது. 2023 ஏப்ரலில், நான்கு ஆண்டுகளில் 250 கோடி டாலர் போடுவதாக நெட்ஃபிளிக்ஸ் அறிவித்தபோது அரசு அதைக் கொண்டாடியது. அந்தப் பணத்தில் உருவாகும் கதைகள் யாருக்குச் சொந்தம் என்பதையும் அன்றே பேசியிருக்க வேண்டும். படைப்பாளிகளுக்கு வெற்றியில் பங்கு கேட்டு 2022இல் கொண்டுவந்த காப்புரிமைத் திருத்த மசோதாக்கள், 2024 மே மாதம் நாடாளுமன்றத்தின் பதவிக்காலம் முடிந்ததும் காலாவதியாகிவிட்டன.