வீட்டிலிருந்தே பணி: மிச்சமாகும் பணத்தை மின் கட்டணம் விழுங்காமல் தடுப்பது எப்படி?

சித்தூர்: வீட்டிலிருந்தே பணிபுரியும் பெற்றோருக்குப் பயணச் செலவு மிச்சமாகிறது. ஆனால் பகல் முழுவதும் இயங்கும் மின்விசிறி, கணினி, குளிர்சாதனம் ஆகியவற்றால் அந்தத் தொகை மின் கட்டணமாகவே கரைந்துவிடக்கூடும். பாலக்காடு மாவட்டம் சித்தூர் போன்ற எல்லைப் பகுதிகளில் இது கூடுதல் கவனத்திற்குரியது. தமிழகத்தைப் போல் முதல் 100 யூனிட் அனைத்து வீடுகளுக்கும் இலவசம் என்ற சலுகை கேரளத்தில் இல்லை.

கேரள மாநில மின்சார வாரியம் வீடுகளுக்கு இரு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறது. மாதச் சராசரி 250 யூனிட் வரை கட்டணம் படிப்படியாக உயரும். அதைத் தாண்டினால், முதல் யூனிட் தொடங்கி அனைத்திற்கும் ஒரே உயர் விகிதம் விதிக்கப்படும். அதாவது, இரு மாதங்களில் 501-வது யூனிட், முந்தைய 500 யூனிட்டுகளின் விலையையும் மாற்றிவிடுகிறது. எனவே ரசீது வரும்வரை காத்திராமல், வாரந்தோறும் மீட்டரைக் குறித்துக்கொள்வது நல்லது. வாரத்திற்குச் சுமார் 57 யூனிட் என்பதே எல்லை.

குறிப்பதற்கு எந்த நாள்? 1998-இல் தொடங்கப்பட்ட குடும்பஸ்ரீ திட்டத்தில், 10 முதல் 20 பெண்கள் கொண்ட அயல்கூட்டங்கள் வாரச் சேமிப்பு செலுத்துகின்றன. அதில் உறுப்பினராக உள்ளோர், கூட்டம் நடைபெறும் நாளிலேயே இதையும் முடித்துக்கொள்ளலாம்.

மிச்சமாகும் தொகைக்கு, மாதம் 100 ரூபாயிலிருந்து தொடங்கும் அஞ்சலக ஐந்தாண்டுத் தொடர் வைப்பு பொருத்தமானது. கணக்கை 15-ஆம் தேதிக்குள் தொடங்கினால் ஒவ்வொரு மாதமும் 15-க்குள் செலுத்த வேண்டும். அதன்பின் தொடங்கினால் மாதத்தின் கடைசி வேலைநாள் வரை அவகாசம் உண்டு. தவறினால் 100 ரூபாய்க்கு 1 ரூபாய் அபராதம். ஒப்பந்த ஊதியம் தாமதமாகக் கிடைப்போர், 16-ஆம் தேதிக்குப் பின் கணக்குத் தொடங்குவதே உசிதம்.