ரவுட்டர் கண் சிமிட்டுது... நெட் மட்டும் வரலை!

"நீ இன்ஜினீயருக்குத்தானடா படிக்கிற? வந்து என்னான்னு பாரு!"

போனில் சித்தி. நான் படிக்கிறது மெக்கானிக்கல்னு சொன்னா அவங்ககிட்ட எடுபடாது. தங்கச்சிக்கு இன்ஜினீயரிங் ஆன்லைன் கலந்தாய்வு. மறுநாள் சாயங்காலத்துக்குள் காலேஜ்களை வரிசைப்படுத்தி லாக் பண்ணியாகணும். பாதி ஏத்தும்போதே நெட் புட்டுக்கிச்சு. மொபைல்ல பண்ணலாமேங்கிறீங்களா? வீடு சிறுமலை அடிவாரம். 18 கொண்டை ஊசி வளைவு ஆரம்பிக்கிறதுக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம். டவருக்கும் வீட்டுக்கும் நடுவுல மலையே நிக்குது பாஸ்!

போய்ச் சேர்ந்தப்போ ஆளுக்கொரு காரணம் ரெடியா இருந்தது. சித்தப்பாவுக்கு மழை மேகம். தங்கச்சிக்கு ரவுட்டர். சித்திக்கோ, போன மாசம் வாங்கின வெளி ஹார்ட் டிஸ்க். "அது வந்ததுல இருந்துதான்டா இந்தப் பாடு." நான் மனசுக்குள்ள சிரிச்சேன்.

முதல் வேலை, கோளாறு வீட்டுக்குள்ளயா வெளியேயான்னு பிரிக்கிறது. கம்ப்யூட்டரின் கறுப்புத் திரையில் 'பிங்'னு அடிச்சு ரவுட்டர் முகவரியைக் கொடுத்தா, அது ரவுட்டரைக் கூப்பிட்டுப் பார்க்கும். முகவரி பெரும்பாலும் ரவுட்டரின் அடியிலேயே ஒட்டியிருக்கும். ரவுட்டர் ஒழுங்கா பதில் சொல்லி வெளியில இருக்கிற தளம் மட்டும் பேசலைன்னா, லைன்ல தகராறு. கஸ்டமர் கேரைத் திட்டலாம். ரவுட்டரே பதில் சொல்லலைன்னா? யாரையும் திட்ட முடியாது.

பத்து தடவை கூப்பிட்டதுல நாலுக்குத்தான் பதில். அதே மேஜையில என் போனை வைச்சு வைஃபை பிடிச்சா ஜம்முனு வருது. அப்ப கம்ப்யூட்டர்தான் குற்றவாளி. குனிஞ்சு பின்பக்கம் பார்த்தா, விரல் நகம் சைஸ் வைஃபை டாங்கிள். அதை ஒட்டியே ஹார்ட் டிஸ்க் ஒயர். ரெண்டும் நீல நிற யூஎஸ்பி 3.0 துளையில.

யூஎஸ்பி 3.0 வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் ரேடியோ இரைச்சல் கிளப்பும்னு இன்டெல் நிறுவனமே 2012-ல் அறிக்கை போட்டிருக்கு. இந்த டாங்கிள் பேசுறதும் அதே 2.4-லதான். சந்தைக்கடை ஸ்பீக்கர் பக்கத்துல நின்னு ரகசியம் பேசின கதை! ஒரு மீட்டர் எக்ஸ்டென்ஷன் ஒயர் போட்டு டாங்கிளை மேஜை மேல கொண்டு வந்தேன். பத்துக்குப் பத்து. சித்தி பார்த்த பார்வை இருக்கே...

(திண்டுக்கல் டவுன் மாதிரி வீட்டுக்கு வீடு வைஃபை இருக்கிற தெருன்னா, ரவுட்டரில் 1, 6, 11-ன்னு சேனலையும் மாத்திப் பார்க்கலாம். இங்கே பக்கத்து வீடே தோப்புக்கு அந்தாண்டதான்.)

கதை முடிஞ்சுதுன்னு காபி குடிச்சா, சாயங்காலம் மறுபடி அவுட். இந்த முறை என் போனிலும் இல்லை. ரவுட்டரில் விளக்கு எரியுது, ஆனா ஆள் பேச்சு மூச்சில்லை. அணைச்சுப் போட்டா சரியாகுது. அரை மணி கழிச்சு மறுபடி. அப்பதான் கவனிச்சேன்: தோப்புல போர் மோட்டார் ஓட ஆரம்பிக்கிறப்ப ட்யூப்லைட் ஒரு தடவை கண்ணடிக்குது. அந்த நொடிதான் ரவுட்டரும் மயக்கம் போடுது. பழைய அடாப்டரால அந்த இறக்கத்தைத் தாங்க முடியலை.

இதே தலைவலியை நம்ம பக்கத்து மாவட்டத்துல பெரிய ஆட்களே பட்டிருக்காங்க. 2000-களின் நடுவில் தேனி அரவிந்த் கண் மருத்துவமனையையும் சுற்றுவட்டார விஷன் சென்டர்களையும் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகக் குழு வைஃபையால இணைச்சது. கிராமத்துல நோயாளி கேமரா முன்னால உட்கார, தேனியில இருந்து டாக்டர் பேசுவார். இணைப்பு ஏன் அறுந்துச்சுன்னு 2008-ல் அவங்க எழுதின கட்டுரையில், முதல் வில்லன் சிக்னல் இல்லை, மோசமான கரன்ட்! வோல்டேஜ் இறங்கினா ரவுட்டர் முழுசா அணையாம, முழுசா விழிக்காம நடுவுல மாட்டிக்குமாம். அதனால வோல்டேஜ் இறங்கினதும் கரன்ட்டை ஒரேயடியா வெட்டி, சரியானதும் திருப்பிக் கொடுக்கிற சின்ன சர்க்யூட்டை அவங்களே செஞ்சு மாட்டியிருக்காங்க.

எனக்கு அவ்வளவு வேலை வைக்கலை. கம்ப்யூட்டர் யூபிஎஸ்ஸில் ஒரு துளை சும்மா இருந்தது. ரவுட்டரை அதுல சொருகினேன். மோட்டார் ஓடுச்சு, ட்யூப்லைட் கண்ணடிச்சுது, நெட் அசையலை.

மறுநாள் மத்தியானம் மூணு மணிக்குத் தங்கச்சி பட்டியலை லாக் பண்ணிட்டா. என் காலேஜ் எத்தனாவது இடம்னு கேட்டேன்.

"அண்ணே, அதைப் போடவே இல்லைண்ணே!"